வலை அறுந்த தகராறைப் பேசித் தீர்ப்பது எப்படி: ரால்ஃப் பன்ச்சிடம் படித்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, ஊர்த் தலைவரும் இல்லை. தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருஷம் எழுத்தராக இருந்தவன். டீசல் மானியப் பதிவேடு, நிவாரணப் பட்டியல், சேமிப்புப் பணத்துக்கு ரசீது, இதுதான் பிழைப்பு. யார் வீட்டில் எத்தனை வலை, எந்த இன்ஜின் யார் பேரில் கடன் என்பதெல்லாம் தெரிந்தவன் என்பதால், கடலில் ஒரு சண்டை வந்தால் "கிளார்க் அண்ணனைக் கூப்பிடுங்கப்பா" என்று ஆகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இப்போது பக்கத்து ஊர்ப் பையன்கள் வந்து, "ரெண்டு ஊரையும் உக்கார வைக்கணும், எப்படிண்ணே ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் அமெரிக்கர். 1971-லேயே இறந்துபோனார். ராமநாதபுரம் நூலகத்தில் அரசுத் தேர்வுக்குப் படித்த காலத்தில் அவர் எனக்குப் பொது அறிவுப் புத்தகத்தின் ஒரே ஒரு வரி: 1950, அமைதி நோபல், ரால்ஃப் பன்ச். உருப்போட்டேன். தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை, வேலையும் கிடைக்கவில்லை, பெயர் மட்டும் மண்டையில் தங்கிவிட்டது. முப்பது வருஷம் கழித்து, நான் நடத்திய முதல் சமாதானக் கூட்டத்தில் நாற்காலி பறந்தது. அன்று ராத்திரி நெற்றியில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெயர் எங்கிருந்தோ ஞாபகம் வந்தது. "யாரும்மா இந்த ஆளு, என்னதான் செஞ்சாரு?" என்று மகளிடம் கேட்டேன். அவள் போனில் தேடித் தேடிப் படித்துச் சொன்னாள். விடிகிற வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்காலி ஏன் பறந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். வடக்கூர்க்காரர்கள் ஃபைபர் படகில் போய் நண்டு வலை விடுகிறவர்கள். சாயங்காலம் விட்டுவிட்டு வந்து காலையில் எடுப்பார்கள். தெற்கூர்க்காரர்கள் இயந்திர வல்லத்தில் ராத்திரி இறால் மடி, அதாவது இழுவை வலை, இழுக்கிறவர்கள். இருட்டில் இவர்கள் மடி அவர்கள் நண்டு வலை மேல் ஏறிவிட்டது. 17 வீட்டு வலை கந்தல். மறுநாள் வடக்கூர் இளைஞர்கள் கடலில் ஒரு வல்லத்தை மறித்து, இழுத்துவந்து தங்கள் கரையில் கட்டிப்போட்டார்கள். நான் என்ன செய்தேன்? இரண்டு ஊரிலிருந்தும் ஆளுக்கு நாற்பது பேரை ஒரு கல்யாண மண்டபத்தில் எதிரும் புதிருமாக உட்கார வைத்து, மைக்கைப் பிடித்து, "சரி, தப்பு யார் மேல? அதை முதல்ல பேசுவோம்" என்றேன். அதோடு, கூட்டம் தொடங்குவதற்கு முன் வடக்கூர்க்காரர் ஒருவர் மரியாதைக்குப் போட்ட பொன்னாடையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் ஒரு மத்தியஸ்தன் செய்ய முட்டாள்தனம் ஏதும் மிச்சமில்லை.

இப்போது பன்ச்சுக்கு வருவோம். டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பினத்துப் பிள்ளை. தகப்பன் முடி திருத்துகிறவர். தாய் 1917-ல் இறந்துவிட, லாஸ் ஏஞ்சலஸில் அம்மாவைப் பெற்ற பாட்டி லூசி ஜான்சன்தான் வளர்த்தார். 1934-ல் ஹார்வர்டில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கினார்; அமெரிக்காவில் அந்தத் துறையில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். ஆராய்ச்சி எதைப் பற்றி என்றால், மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோவையும் தஹோமியையும் பிரெஞ்சுக்காரர்கள் எப்படி ஆண்டார்கள் என்பது பற்றி. ஆளப்படுகிறவன் பக்கமிருந்து ஆட்சியைப் பார்க்கப் பழகியவர். ஐ.நா. சாசனத்தில் அடிமை நாடுகளைப் பற்றிய பகுதிகளை எழுதியதில் அவர் கை உண்டு.

1948-ல் பாலஸ்தீனத்தில் போர். ஐ.நா. அனுப்பிய மத்தியஸ்தர் ஸ்வீடன்காரர் ஃபோல்க் பெர்னடாட். செப்டம்பர் 17 அன்று ஜெருசலேமில் அவரைக் காரிலேயே சுட்டுக் கொன்றார்கள். அன்று அவரோடு சேர்ந்து போயிருக்க வேண்டியவர் பன்ச். வழியில் தாமதமாகிவிட்டது. அவர் போயிருந்தால் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிரெஞ்சுக் கர்னல் உட்கார்ந்தார், அவரும் செத்தார். செத்தவருடைய வேலை பன்ச் தலையில் விழுந்தது. பதவிக்கு முன்னால் "தற்காலிக" என்றுதான் இருந்தது. 1949 ஜனவரி 13-ல் ரோட்ஸ் தீவில் எகிப்தையும் இஸ்ரேலையும் உட்கார வைத்தார். பிப்ரவரி 24-ல் கையெழுத்து. மார்ச் 23-ல் லெபனான், ஏப்ரல் 3-ல் ஜோர்டான், ஜூலை 20-ல் சிரியா. ஆறே மாதத்தில் நாலு போர் நிறுத்த ஒப்பந்தம்.

இதில் எனக்குப் பளிச்சென்று பட்டது ஒன்றுதான். அவர் நாலு தடவையும் முடித்தது சண்டை நிறுத்தம், சமாதானம் அதற்கப்புறம் வரட்டும் என்று விட்டுவிட்டார். யார் செய்தது சரி என்று அவர் ஓரிடத்திலும் தீர்ப்புச் சொல்லவில்லை. நீங்களும் அப்படியே தொடங்குங்கள். கூட்டத்தின் கேள்வி "தப்பு யார் மேல?" என்று இருக்கக்கூடாது. "நாளைக்கு ராத்திரி வலை அறுபடாம இருக்க என்ன செய்யலாம்?" என்று இருக்கட்டும். முதல் கேள்விக்குப் பத்து வருஷமானாலும் பதில் வராது. இரண்டாவதற்குப் பத்து நாளில் வந்துவிடும்.

இடம் பார்ப்பது அடுத்தது. ரோட்ஸ் எகிப்துக்கும் சொந்தமில்லை, இஸ்ரேலுக்கும் சொந்தமில்லை. அங்கே ஓட்டல் தே ரோஸ் என்ற விடுதியில் இரண்டு தரப்பையும் வெவ்வேறு மாடியில் தங்கவைத்து, பன்ச் ஏறி இறங்கினார். லெபனான் பேச்சு எல்லையிலேயே நடந்தது. சிரியா பேச்சு இரண்டு படைக்கும் நடுவில் யாருக்கும் சேராத வெளியில் கூடாரம் போட்டு நடந்தது. நமக்குத் தீவு கிடைக்காது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் வேண்டாம். அது யாரோ ஒருவருடைய இடமாகிவிடும். காவல் நிலையம் வேண்டவே வேண்டாம். எனக்குக் கிடைத்தது புயல் கட்டிடம். ஊருக்கு ஊர் அரசு கட்டிய அந்தப் புயல் பாதுகாப்பு மையத்தில் கீழ் ஹால் ஒன்று, மேல் ஹால் ஒன்று. இரண்டு ஊருக்கும் நடுவில் உவர்நிலத்தில் தனியாக நிற்கிறது. தெற்கூர் கீழே, வடக்கூர் மேலே. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது படி ஏறியிருப்பேன். முட்டி வீங்கிவிட்டது. மூட்டுவலி உள்ளவர்கள் இதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஒரு ஊர் வெள்ளிக்கிழமை தொழிலுக்குப் போகாது, இன்னொரு ஊர் ஞாயிற்றுக்கிழமை போகாது. ஒரே கிழமையில் வைத்தால் எப்போதும் ஒரு பக்கத்துக்குத்தான் வருமானம் நஷ்டமாகும். மாற்றி மாற்றி வையுங்கள். நாற்பது பேரும் வேண்டாம், பக்கத்துக்கு ஐந்து பேர் போதும். அதில் ஒருவராவது நேரில் நஷ்டப்பட்ட சம்மாட்டியாக, அதாவது படகுச் சொந்தக்காரராக, இருக்கட்டும். பேச்சாளர்களாகவே வந்து சேர்ந்தால் பேச்சு மட்டும்தான் நடக்கும்.

உட்காருவதற்கு முன் நஷ்டக் கணக்கை எடுத்துவிடுங்கள், ஆனால் ஆண்களிடம் மட்டும் கேட்காதீர்கள். இதை எனக்குப் பன்ச் சொல்லவில்லை, வடக்கூரில் ஓர் அக்கா சொன்னார். வலையிலிருந்து நண்டைக் கழற்றுகிறவர்கள் பெண்கள்தான். சம்மாட்டிகள் ஆளாளுக்கு ஒரு எண் சொன்னார்கள், ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அது ஏறியது. அந்த அக்கா மணலில் உட்கார்ந்தபடியே, "எந்த வலை புதுசு, எது போன வருசம் முடிஞ்சது, எது ஏற்கனவே கிழிஞ்சு கிடந்ததுன்னு எங்க கைக்குத் தெரியும் தம்பி. எழுதிக்க" என்றார். வீடு வீடாகச் சொன்னார். ஆண்கள் சொன்னதில் முக்கால்வாசிதான் வந்தது. அந்தக் கணக்கை மேல் மாடியிலும் யாரும் மறுக்கவில்லை, கீழ் மாடியிலும் மறுக்கவில்லை.

இனி முக்கியமான கட்டம், முதல் கையெழுத்து. ரோட்ஸில் பன்ச் எடுத்த எடுப்பில் எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசவில்லை. என்னென்ன பேசப்போகிறோம் என்ற பட்டியலை எழுதி, அதற்கு இரண்டு தரப்பிடமும் கையெழுத்து வாங்கினார். இரண்டு பேரும் ஒரே அறையில் உட்காரப் பழகட்டும், ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகட்டும் என்பதுதான் அவர் கணக்கு. ஒரு தடவை போட்ட கை அடுத்த தடவை அவ்வளவு தயங்காது.

நான் அரைத் தாளில் மூன்று வரி எழுதினேன். கட்டிக் கிடக்கும் வல்லத்தில் தினமும் காலையில் தெற்கூர் ஆள் இரண்டு பேர் வந்து தண்ணீர் இறைக்கலாம், அவர்களை யாரும் எதுவும் சொல்லக்கூடாது. பேச்சு முடிகிற வரை யாரும் யாருடைய வலையையும் படகையும் தொடக்கூடாது. அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. அவ்வளவுதான். அதுவரை முகம் பார்க்காதவர்கள், அந்தக் கையெழுத்துக்காக முதல் தடவையாக மாடிப்படித் திருப்பத்தில் நின்றார்கள். தெற்கூர் சம்மாட்டி கையெல்லாம் டீசல் வாடையோடு பேனாவை வாங்கினார். அது எழுதவில்லை. உதறினார், ஊதினார், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். யாரும் பேசவில்லை. வடக்கூர்த் தலைவர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, நீட்டினார். இவர் வாங்கிப் போட்டார். அந்தப் பேனா இன்று வரை உரியவருக்குத் திரும்பவில்லை. அதைப் பற்றித் தனித் தகராறு நடந்துகொண்டிருக்கிறது, அதில் நான் தலையிடுவதில்லை.

பிடித்து வைத்த வல்லம்தான் பெரிய முடிச்சு. "முதல்ல வல்லத்தை விடு, அப்புறம் பேசுறோம்" என்றது கீழ் மாடி. "முதல்ல வலைக்குக் காசு வை, அப்புறம் விடுறோம்" என்றது மேல் மாடி. எந்தத் தகராறிலும் இப்படி ஒரு பொருள் நடுவில் கிடக்கும். ரோட்ஸ் பேச்சில் அது ஃபலூஜா என்ற ஊர். அங்கே சுமார் 4,000 எகிப்தியப் படையினர் இஸ்ரேல் படையின் முற்றுகைக்குள் மாட்டியிருந்தார்கள். அதில் ஓர் அதிகாரி, பின்னாளில் எகிப்தை ஆண்ட கமால் அப்தெல் நாசர். முதலில் அவர்களை விடுவித்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்பது எகிப்தின் பிடி. அந்த ஒரு முடிச்சிலேயே எல்லாம் நின்றுவிடாமல் பன்ச் மற்றவற்றை நகர்த்திக்கொண்டு போனார். கடைசியில் விடுதலையும் ஒப்பந்தத்துக்குள்ளேயே வந்தது: கையெழுத்தான பிறகு, ஐ.நா. மேற்பார்வையில், அவர்கள் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். நான் அதையே செய்தேன். வல்லத்தை விடுவது ஒப்பந்தத்தின் நாலாவது வரி, வலைப் பணத்தின் முதல் தவணை ஐந்தாவது வரி, இரண்டும் ஒரே நாள், ஒரே நேரம், ஐஸ் கம்பெனி வாசலில். எது முதல் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

கோடு போடும்போது வார்த்தையில் கவனம். சட்டத்தைக் காட்டி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1983-ம் வருஷச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு என்கிறது. இங்கே இரண்டு பக்கமும் தங்களை நாட்டுப்படகு என்றுதான் சொல்லிக்கொள்கிறது, என்ன செய்வீர்கள்? கடலைப் பிரிக்க முடியாத இடத்தில் நாளைப் பிரிக்கலாம். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று வைத்துக்கொண்டிருப்பது அப்படித்தான். நாங்கள் ஆழத்தைப் பிரித்தோம். பாகம் என்பது கடலில் ஆழத்தை அளக்கிற கணக்கு. நாலு பாகத் தண்ணீருக்கு உள்ளே ராத்திரி மடி இழுப்பதில்லை. நாலு பாகத்துக்கு வெளியே நண்டு வலை விட்டால் மிதவையில் கொடியும் விளக்கும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுந்ததற்குக் கேட்கக்கூடாது.

"அப்ப நாலு பாகத்துக்கு வெளிய அவங்க கடலா?" என்று மேல் மாடியில் ஒருவர் எழுந்தார். "அப்ப உள்ள இருக்கிறது அவங்களுக்குப் பட்டா போட்டதா?" என்று கீழ் மாடியில் இன்னொருவர் எழுந்தார். இங்கேதான் எகிப்து ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு கைகொடுத்தது. அந்தப் போர் நிறுத்தக் கோட்டை அரசியல் எல்லையாகவோ நில எல்லையாகவோ எந்த வகையிலும் கொள்ளக்கூடாது, யாருடைய உரிமைக்கும் கோரிக்கைக்கும் அதனால் பாதகம் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது. நான் எழுதியது: "இந்தக் கோடு கடல் யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்வதற்கு இல்லை. பங்குனி முடியும் வரை வலை அறுபடாமல் இருப்பதற்கு மட்டும்." இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். விட்டுக்கொடுத்ததாக யாரும் ஊரில் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, பாருங்கள்.

ஒப்பந்தம் போட்டால் போதாது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எகிப்து–இஸ்ரேல் கூட்டு ஆணையத்தில் 7 பேர்: பக்கத்துக்கு 3, தலைவர் ஐ.நா. தரப்பு ஆள். எங்களுக்கும் அதே ஏழு. ஏழாவது ஆள் ஐஸ் கம்பெனி முதலாளி. இரண்டு ஊரும் அவரிடம்தான் ஐஸ் எடுக்கிறது. தொழில் நின்றால் அவருக்கும் நஷ்டம், எனவே கூப்பிட்ட உடனே வருவார். ஏழாவது ஆளைத் தேடும்போது நல்லவரா என்று மட்டும் பார்க்காதீர்கள், சண்டை வந்தால் அவருக்கும் நஷ்டமா என்று பாருங்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோபல் பரிசு என்று செய்தி வந்தபோது பன்ச் வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். ஐ.நா. ஊழியன் பரிசுக்காக வேலை செய்வதில்லை என்பது அவர் எண்ணம். பொதுச் செயலாளர் டிரிக்வே லீ சொன்ன பிறகே வாங்கினார். அதற்கு முந்தின வருஷம் அதிபர் ட்ரூமன் அரசு வெளியுறவுத் துறையில் பெரிய பதவியைக் கொடுக்க வந்தது. வாஷிங்டனில் கறுப்பர்களைத் தனியாக ஒதுக்கி வைக்கிற வழக்கம் இருந்த காலம். என் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அந்த ஊரில் மறுபடி குடியிருக்க முடியாது என்று மறுத்துவிட்டார். நடுநிலை என்பதற்காகத் தன் சொந்த வழக்கை அவர் விட்டுவிடவில்லை. 1965-ல் கறுப்பர் உரிமைக்காகச் செல்மாவிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் நடத்திய பேரணியில் முன்வரிசையில் நடந்தார். நீங்கள் பேச்சு முடிகிற வரை பொன்னாடை வாங்காதீர்கள். டீ கூட இரண்டு மாடியிலும் குடியுங்கள், அல்லது இரண்டிலும் குடிக்காதீர்கள்.

உடையுமா என்றால், உடையும். எங்கள் ஒப்பந்தம் அடுத்த வருஷமே இரண்டு தடவை உடைந்தது. பன்ச் போட்டதும் அப்படித்தான், 1956-ல் மறுபடி போர். அப்போதும் அவர்தான் ஐ.நா.வின் முதல் அமைதிப் படையைத் திரட்டி அனுப்பும் வேலையில் இறங்கினார். அடையாளத்துக்கு நீலத் தொப்பி தைக்க நேரமில்லாமல், அமெரிக்கப் படையின் ஹெல்மெட்டுகளில் நீலப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். இன்று உலகமெங்கும் பார்க்கிற நீல ஹெல்மெட் அப்படி அவசரத்தில் வந்தது. 1967-ல் இன்னொரு போர் வந்தது. ஆனாலும் அவர் காலத்தில் வரைபடத்தில் போட்ட கோட்டை, பச்சைக்கோடு என்று இன்றும் பெயர் சொல்லித்தான் பேசுகிறார்கள். எங்கள் விஷயத்தில், உடைந்த இரண்டு தடவையும் படகைப் பிடிக்கவில்லை. போன் வந்தது. படி ஏறினேன்.

இலங்கைத் தகராறுக்கும் இது செல்லுமா என்று கேட்கிறார்கள். 2014 ஜனவரியில் சென்னையில் இரு நாட்டு மீனவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள், மே மாதம் கொழும்பில் பேசினார்கள். மொழி ஒன்று, கடல் ஒன்று, இலங்கைக்காரர்கள் சொல்லும் குறை நம் இழுவைமடி. இரண்டு அரசுகள் நடுவில் இருக்கிற விஷயம் புயல் கட்டிடத்துக்குள் அடங்காது. அதைப் பெரியவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

கடைசியாக டம்ளர் விஷயம். ரோட்ஸில் பேச்சு முடியும் முன்பே, உள்ளூர்க் குயவரிடம் பன்ச் நினைவுத் தட்டுகள் செய்து வைத்துவிட்டார். பேச்சு இழுத்த ஒரு சமயம் அலமாரியைத் திறந்து காட்டி, ஒப்பந்தம் ஆனால் ஆளுக்கு ஒன்று எடுத்துப் போகலாம், ஆகாவிட்டால் உங்கள் தலையிலேயே உடைப்பேன் என்றாராம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போய், ராமநாதபுரத்தில் ஒரு பாத்திரக் கடையில் பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, பேர் வெட்டச் சொன்னேன். "சமாதானப் பேச்சு" என்று வெட்டி, கையெழுத்து நாள் என்று நான் நம்பிய தேதியையும் வெட்டினார்கள். பேச்சு எட்டு நாள் தள்ளிப்போனது. இப்போது இரண்டு ஊரிலும் பத்து வீட்டில் தப்பான தேதியில் காபி குடிக்கிறார்கள். "கிளார்க் அண்ணனுக்குத் தேதி கூட எழுதத் தெரியலை" என்பதில் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒரே கருத்து. பன்ச் தட்டில் 1949 என்று வருஷம் மட்டும்தான் போட்டிருந்தார். நீங்களும் வருஷம் மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.